நம்பத்தகாத வீடு

ஆவுடைநாயகம் வீட்டுக் கணினி அன்றைக்கும் பாதி வழியில் நின்றுகொண்டது. அவர் குளித்து, திருநீறு பூசி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. திரையில் நீலக் கோடு மெல்ல வளர்ந்து முக்கால் தூரம் போனது. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பிறகு, "பாதுகாப்புப் புதுப்பிப்பை முடிக்க இயலவில்லை. செய்த மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன. கணினியை அணைக்க வேண்டாம்" என்று எழுதிக் காட்டிவிட்டு, வளர்ந்த கோட்டைத் தானே அழித்துக்கொண்டு வந்தது.

"செஞ்சதைத் திரும்ப வாங்கிக்கிடுதாம். வெக்கங்கெட்ட சாமான்!" என்றார்.

அடுக்களையிலிருந்து மனைவி பிரமு எட்டிப் பார்த்தாள். "மறுபடியுமா? குத்தாலத்தைக் கூப்பிடுங்களேன். அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"என் வீட்டுச் சாமானை அடுத்தவன் வந்து தொடணுமாக்கும்?"

"அடுத்தவனா? அவன் என் கூடப் பிறந்தவன்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

பாளையங்கோட்டையில் ஆவுடைநாயகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தாமிரபரணிப் பாசனத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், யார் வந்து கெஞ்சினாலும் முறை தவறி ஒரு மடையைத் திறந்துவிட்டவர் அல்ல. ஒரு வீட்டின் மானம் அந்த வீட்டுத் தலைவன் சொல்லில் இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். காலமும் அதை ஒப்புக்கொண்டது போலத்தான் நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணினி, ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு வீட்டுச் சாவி என்று வந்த பிறகு, அந்தச் சாவியைத் தலைவன் பெயரில்தான் கொடுத்தார்கள். சாவி துண்டு துண்டாகக் குடும்பத்தார் எல்லாருக்கும் பிரிந்திருக்கும். ஓய்வூதியம் வருவதும், மருந்துக்கடையில் மாத்திரை கிடைப்பதும் அந்தச் சாவியால்தான். இந்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்காத வீட்டின் சாவி செல்லாது என்று அறிவிப்பு வந்திருந்தது.

குத்தாலம் மறுநாள் சாயங்காலம் வந்தார். வங்கிக் கணினிகளைப் பராமரித்து ஓய்வுபெற்றவர். பிரமுவுக்கு இளையவர். வாய் சும்மா இருக்காது.

"என்ன அத்தான், ஒங்க பேச்சைக் கேக்காத ஒண்ணு இந்த வீட்டுக்குள்ளயும் வந்துட்டு போலுக்கே?"

"வந்த வேலையைப் பாரும்வே."

குத்தாலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் கணினியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பின்பக்கம் மாட்டியிருந்த அச்சு இயந்திரம், வாசல் கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயன்றார். நின்றது. அரைகுறையாக இறங்கிக் கிடந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினார். நின்றது. அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு கணினியை எழுப்பினார். அப்போதும் அதே முக்கால் தூரத்தில் நின்றது.

"இது சாமான்ல உள்ள கோளாறு மாதிரித் தெரியல அத்தான். எங்கயோ பிடிவாதம் பிடிக்கு. ஏன் நிக்குன்னு அதுகிட்டயே கேட்டுருவோம்."

பிழை அறிக்கையைத் திறந்து படிக்க ஆரம்பித்தவர், படிக்கப் படிக்கப் பேச்சை நிறுத்திவிட்டார். "அக்கா, இன்னொரு காப்பி கெடைக்குமா?" என்று கேட்டு, பிரமு உள்ளே போன பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டு ஆளுங்க பட்டியல்ல பூங்கோதையைச் செத்துட்டதாப் போட்டிருக்கு."

"போட்டது நான்தான்."

"என்ன அத்தான் இது?"

"ஏன், ஊருக்கே தெரியும். உமக்குப் புதுசாக்கும்?"

பூங்கோதை அவர்களுடைய ஒரே மகள். வேறு சாதிப் பையனோடு ஓசூருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். செய்தி வந்த அன்று ஆவுடைநாயகம் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் தலைமுழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலில் அவள் பெயருக்கு நேராகக் கணினி மூன்று வழிகள் காட்டியது. இங்கே வசிப்பவர், வெளியூரில் வசிப்பவர், மறைந்தவர். தலைமுழுகியவர்களுக்கென்று அதில் இடமில்லை. இரண்டாவது, விருந்துக்கு வரப்போகிற மகளுக்கு உரியது. அவர் மூன்றாவதைத் தொட்டார். "உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்" என்று கணினி சொன்னது.

"அன்னிக்கு அது ஒரு கேள்வி கேக்கலையே. இன்னிக்கு என்ன வந்துச்சாம்?"

"அன்னிக்கு வீடு சொன்னா அதுவே வேதவாக்கு அத்தான். களவாணிப் பயலுவ அதைக் கெடுத்துட்டானுவ. உசுரோட இருக்கவங்களைச் செத்துட்டாங்கன்னு ஏத்திட்டு, அவங்க சாவித் துண்டை எடுத்துச் சொத்தை எழுதி வாங்கிட்டானுவ. அதுக்குத்தான் இந்த அப்டேட். வீடு யாரைச் செத்துட்டாங்கன்னு சொன்னாலும், இனிமே சர்க்காரோட பிறப்பு இறப்புப் பதிவைப் பாக்கும். ரெண்டும் ஒண்ணைச் சொன்னா உள்ள போவும். இங்க நீங்க 'செத்துட்டா'ங்கிய. சர்க்கார் 'இருக்கா'ங்கு. நடுவுல கெடந்து அது முழிக்கி."

"சர்க்காரை மாத்தச் சொல்லும்."

"எப்படி? நீங்க தலைமுழுகிட்டியன்னு அவளைச் சாகச் சொல்லவா?"

குத்தாலம் தணிந்து வந்தார்.

"வழி ஒண்ணுதான். அவளும் நீங்களும் ஒரே நேரத்துல திரைக்கு வரணும். 'நான் உயிரோட இருக்கேன்'னு அவ சொல்லணும். 'இவ எங்க வீட்டுப் பிள்ளை'ன்னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்றார் ஆவுடைநாயகம்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன். அக்காட்ட சொல்லல. அவ நெஞ்சு தாங்காது. பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியலைன்னு கேள்வி. ஆஸ்பத்திரியில கெடக்காளாம். இந்தச் சாக்குலயாவது ஒரு வார்த்தை..."

இது தன்னை இளக வைக்கப் பூசிய பூச்சு என்று ஆவுடைநாயகத்துக்குப் பட்டது. அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்து பேசிவைத்ததோ என்னவோ.

"செத்தவளுக்கு என்னவே சொகக்கேடு?" என்றார்.

குத்தாலம் காப்பியைக் குடிக்காமலே எழுந்தார். போகும்போது, கோளாறு எது, தீர்வு எது என்பதை மட்டும் வாசலில் வைத்து அக்காளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிரமுவுக்கு அந்தக் கோளாறு கோயில் கொடைத் திருவிழாவாக வந்தது. மறுநாள் காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, அரக்குச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். திரைக்கு மேலிருந்த கேமராவின் கண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"என்ன அலங்காரம்?"

"பிள்ளை நம்மளைப் பாக்கப் போறாள்ல. வாடிப்போயிருக்கோம்னு நெனச்சுறக் கூடாது."

"யாரும் யாரையும் பாக்கப் போறதில்ல."

அவள் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சண்டை போடுகிறவள் அல்ல. மகள் போன நாளில், இனி ஒரு வார்த்தை பேசினால் தன் பிணத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கணவர் சொன்னதைக் கேட்டு அடங்கியவள். பேச நினைத்தாலும் வழியில்லை. இறந்தவர் பெயரில் ஓர் அழைப்பு வந்தால் அது மோசடிதான் என்பது கணினியின் கணக்கு. அதுவே தடுத்துவிடும். தடுத்தபின் திரையின் ஓரத்தில் ஒரு வரி காட்டும்: "மோசடி அழைப்பு ஒன்று தடுக்கப்பட்டது." வருஷத்துக்கு இரண்டொரு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்குமாக வந்துகொண்டிருந்த அந்த வரி, கொஞ்ச நாளாக அடிக்கடி வந்தது. பிரமுவுக்கு அது என்னவென்று தெரியாது. ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். வரும்போதெல்லாம் அவர் அதை விரலால் ஒதுக்கிவிடுவார்.

"எங்க வீட்டுப் பிள்ளைன்னு ஒரு சொல்லு. பொய்யா அது?" என்று பிரமு கேட்டாள்.

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து அரிசி களைந்தாள்.

மாதம் முடிந்தது. பிரமுவின் நெஞ்சு வலிக்கான மாத்திரை தீர்ந்துபோக, ஆவுடைநாயகம் சமாதானபுரத்து மருந்துக்கடைக்குப் போனார். கடையில் கூட்டம். கல்லாவிலிருந்த பெண் அவருடைய கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். திரை வாடிக்கையாளர் பக்கமும் தெரியும்படி வைத்திருந்தது. சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்தில் வந்தது.

'நம்பத்தகாத வீடு. பொருள் வழங்க வேண்டாம்.'

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகல போல ஐயா. பட்டியல்ல யாரையாவது மாத்தி ஏத்திட்டியளோ?"

"நான் எதையும் மாத்தி ஏத்துறவன் இல்ல."

அவருக்குப் பின்னால் நின்றவர் மேலத்தெரு சம்பந்தம். பூங்கோதையைத் தன் மகனுக்குக் கேட்டு வந்து, அந்தஸ்து போதாது என்று ஆவுடைநாயகம் திருப்பி அனுப்பிய மனிதர்.

"என்ன அண்ணாச்சி, நம்ப முடியாதுங்கு? ஒங்க வீட்டையா?" என்றார் சம்பந்தம், ஊருக்கே கேட்கும்படி. "மிஷினுக்குப் பைத்தியந்தான் பிடிச்சிருக்கு. நம்பிக்கையின்னா ஒங்க வீடுல்லா!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டால் வாயைத் துடைத்தார்.

"அம்மாவுக்கு அவசரம்னா கொஞ்ச நாளைக்கு மட்டும் நான் என் பேர்ல தாரேன் ஐயா," என்றாள் கடைப் பெண் மெதுவாக.

"எங்க வீட்டுல பிச்சை வாங்கிப் பழக்கமில்லம்மா."

நிமிர்ந்து நடந்துதான் வெளியே வந்தார். தெருமுனை திரும்பிய பிறகுதான் வேட்டியின் நுனி காலில் இடறுவது தெரிந்தது.

அதன்பின் பிரமு மாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்தினாள். பிறகு பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஏனென்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள்.

அவர் இலையைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலைல அதைக் கூப்பிட்டுப் பேசிருவோம்," என்றார்.

"எதை?"

"அதான்... அவளை."

பிரமு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அரக்குச் சேலை மறுபடியும் வெளியே வந்தது. ஆவுடைநாயகம் சலவை வேட்டி கட்டி, கணினிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணைத் திரைக்குக் கொண்டுவந்து, தொடுவதற்கு விரலை நீட்டியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார்.

"ராகுகாலம் ஆரம்பிச்சுட்டு."

"ஆரம்பிச்சா என்ன? பெத்த பிள்ளைகிட்ட பேசுறதுக்கா நேரம் பாப்பாங்க?"

"நல்ல காரியம்னா நேரம் பாத்துத்தான் செய்யணும்."

நல்ல காரியம் என்று அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும் பிரமு மேற்கொண்டு வாதாடவில்லை. அது போதும் என்பது போல அடுக்களைக்குப் போய்ப் பாயசத்துக்குச் சேமியாவை வறுக்க ஆரம்பித்தாள். நெய் மணம் கூடம் வரை வந்தது.

அவர் தனியாக உட்கார்ந்து சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தார். 'பூங்கோதையா? அப்பா பேசுதேன்.' அது ரொம்பக் குழைவாக இருந்தது. 'நான் ஆவுடைநாயகம் பேசுதேன்.' அது தாசில்தாரிடம் பேசுவது போல இருந்தது. 'எப்படியிருக்க?' என்று மட்டும் கேட்டுவிடலாமா? அப்படிக் கேட்டால் அவள் அழுவாள். அவள் அழுதால் தான் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அவள் அழுதால் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையில் நடப்பார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் அடங்கிவிடுவாள்.

அப்போது கணினி தானாக விழித்துக்கொண்டது. தினமும் ஒருதரம் அதுவாகவே முயன்று பார்க்கும். நீலக் கோடு வளர்ந்தது. முக்காலுக்கு வந்தது. அவர் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார். கோடு நிற்கவில்லை. முக்காலைத் தாண்டியது, ஓரம் வரை போய்த் தொட்டது. திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது.

'வீட்டுப் பதிவு சரிபார்க்கப்பட்டது. உங்கள் வீடு நம்பத்தகுந்தது.'

ஆவுடைநாயகம் அதை இரண்டு தரம் படித்தார். தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல இருந்தது. கடைசி நேரத்தில் நெல்லையப்பன் தன்னைத் தலைகுனிய விடவில்லை என்று நினைத்தார். அடியில் எங்கேயோ ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. தேர்ந்து வைத்த சொற்கள் கையில் அப்படியே இருந்தன. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஏட்டி பிரமு, சரியாயிட்டு!"

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"ராகுகாலம் கழிஞ்சதும் கூப்பிடுவியள்ல?"

"பாப்போம்."

"இதுக்காக மட்டுந்தான் கூப்பிட இருந்தியளா?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கரண்டியோடு உள்ளே போனாள்.

குத்தாலத்துக்கு அவரே ஃபோன் போட்டார். "உம்ம படிப்பும் வேண்டாம், திரையும் வேண்டாம். தன்னால சரியாயிட்டு. வந்து பாரும்வே," என்றார். சம்பந்தம் காதுக்கும் இந்தச் செய்தி போக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

குத்தாலம் வந்தபோது ராகுகாலம் கழிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆவுடைநாயகம் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை.

"யாரு அத்தான் சரி பண்ணது?"

"யாருமில்ல. அதுவே."

"அதுவே எப்படி? பூங்கோதை பேரை மாத்துனியளா?"

"நான் எதுக்கு மாத்தணும்? எழுதுனது எழுதுனபடிதான் இருக்கு."

"அது பாக்குறது ரெண்டே ரெண்டு பக்கந்தான். ஒங்க பக்கம் மாறலைன்னா..."

"சர்க்கார் பக்கம் மாறியிருக்கும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே வே, சர்க்காரை மாத்தச் சொல்லும்னு. கடைசியில என் சொல்லுதானே நின்னுச்சு!"

எந்தப் பேச்சுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற குத்தாலம், விசைப்பலகை மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தில், தான் சற்றுமுன் சொன்னது என்ன என்பது ஆவுடைநாயகத்தின் காதில் மெல்ல வந்து விழுந்தது. ஒவ்வொரு சொல்லாக விழுந்தது.

"பாரும்," என்றார். "எதுக்கும் ஒரு தரம் பாத்துச் சொல்லும்வே. மிஷின்தானே. தப்பா இருக்கும்."

குத்தாலம் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஓசூருக்குப் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஆவுடைநாயகத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குத்தான். பதினோரு மணி வாக்குலயாம். காலைல கொஞ்சம் தெளிஞ்சு நல்லாப் பேசிட்டுத்தான் இருந்தாளாம். ஆஸ்பத்திரியில கண்ணை மூடுன உடனே அவங்களே பதிஞ்சிருதாங்க. ஒங்களுக்குச் சொல்லணும்னு மாப்பிள்ளை ரொம்பக் கூப்பிட்டுப் பாத்திருக்காரு அத்தான். அவ நம்பர்லேருந்து இந்த வீட்டுக்கு லைன் போகலையாம்."

திரையில் அந்த வாசகம் இன்னும் இருந்தது. உங்கள் வீடு நம்பத்தகுந்தது.

ஆவுடைநாயகம் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"எனக்குத் தீட்டு உண்டா வே?"

குத்தாலம் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"உசுரோட இருக்கும்போதே தலைமுழுகிட்டேன். இப்பம் அந்தப் பிள்ளைக்காக முழுக எனக்குப் பாத்தியதை உண்டா, இல்லையா? சொல்லும்."

"எனக்குத் தெரியல அத்தான். இதையெல்லாம் நாங்க ஒங்ககிட்டதான கேப்போம்."

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. குத்தாலம் எழப்போனார். "அக்காட்ட நான் சொல்லுதேன்."

"வேண்டாம். நீரு இரும்."

நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். கூடத்தைக் கடந்து அடுக்களை நிலைப்படிக்குப் போய் நின்றார். பிரமு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தாள். தலையில் காலையில் வைத்த பூ அப்படியே இருந்தது. அடுப்பில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. வந்து நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை.

"கூப்பிடப்போறதில்லன்னு சொல்ல வந்தியளாக்கும்," என்றாள். "எனக்குத் தெரியும். காரியம் முடிஞ்சுட்டுல்லா. போங்க, நான் ஒண்ணும் கேக்கல."

"பிரமு," என்றார். "நம்ம பிள்ளை..."

துருவல் நின்றது. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து கேட்ட சொல் அது. பிரமு சட்டென்று திரும்பினாள். அவள் முகம் முழுவதும் மலர்ந்திருந்தது. தேங்காய்ப்பூ ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மீதியையும் கேட்பதற்காக அவசர அவசரமாக எழுந்து அவரிடம் வந்தாள்.